கேமராவில் ஒட்டியிருந்த பெயர்

வைகாசி மாதம், முகூர்த்த நாள். காலை எட்டே காலுக்கு அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டைக்குக் கிளம்பிய பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் ஒரு பெண்ணும் அவருடைய கொழுந்தனும் இருந்தார்கள். பெண்ணின் மடியில் ஒரு கேமரா.

“தேங்கா எண்ணெய் ரெண்டு சொட்டு வச்சு ஊறப்போட்டிருந்தா என் பேரு போட்ட ஸ்டிக்கர் தன்னால உரிஞ்சு வந்திருக்கும். பெயிண்ட் தின்னர ஊத்தியா அழிப்ப?”

“ஸ்டிக்கர் வரல அண்ணி. பெயிண்ட் வேலை பாக்குறவன் குடுத்தான்.”

“கதவுக்குப் போடுறத கேமராவுக்குப் போட்டியாக்கும். இங்க பாரு, கருப்பா இருந்த எடமெல்லாம் வெள்ளையா பூத்துக் கெடக்கு. ரப்பர் பிசுபிசுன்னு கையோட வருது. மூணு வருசமா ஒரு கீறல் விழாம வச்சிருந்தேன்.”

கொழுந்தன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அங்கிட்டு என்ன பார்வை? இரவல் வாங்குன கேமராவுல என் பேரு இருந்தா ஒனக்கு என்ன செய்யுது?”

“மண்டபத்துல நாலு பேரு கேப்பாங்க. பொம்பளை பேரு ஒட்டுன கேமராவத் தூக்கிட்டு நிக்கிறது ஒரு மாதிரி இருக்குல்ல.”

“வீட்டுக்கு வந்து இரவல் கேக்குறப்ப ஒரு மாதிரி இல்லையோ.”

நடத்துநர் சீட்டுக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். பிறகு கொழுந்தன் குரலைத் தணித்தார்.

“சாயங்காலம் ஒரு ரிசப்ஷனுக்குப் படம் எடுக்க ஒப்புக்கிட்டேன் அண்ணி. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் குடுங்க.”

அந்தப் பெண் கேமராவைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

“ரிசப்ஷன நான் எடுக்குறேன். நீ பக்கத்துல நின்னு லைட்டப் புடி. யாராச்சும் கேட்டா, கேமராக்காரி எங்க அண்ணின்னு சொல்லு.”