தபாலில் சேராத பதினொன்று

ஐயா,

அன்று மேலாளர் அறையில் ஆறு பேர் இருந்தோம். மேலாளர் மின்விசிறிக்கு நேர் கீழே. அவருக்கு இடப்புறம் காசாளர் அம்மா, மடியில் கேக் தட்டோடு. சுவரோர பெஞ்சில் குமாஸ்தாக்கள் இருவர். நடுவில், இருபது வருடப் பணிக்காகப் பாராட்டப்படும் தட்டச்சர். கதவை ஒட்டிய முக்காலியில் நான். தபால் பிரிவுக்காரனுக்கு எப்போதும் அந்த இடம்தான்.

தட்டச்சர் தன் நன்றியுரையில் என்னைத்தான் சொன்னார்.

"என்னை நம்புன ஒரே ஆளு அண்ணன்தாங்க. நான் எழுதி அனுப்புன ஒவ்வொண்ணும் திரும்பி வரும்போது, 'அடுத்ததை எழுது தம்பி, நான் அனுப்பி வைக்கிறேன்'னு சொல்வாரு. எங்கிட்டதான் சரக்கு இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

குடிநீர் இணைப்பு ஆணைகளை அடிப்பதற்குச் சம்பளம் வாங்குபவர் அவர். ஒரு வருடம் நாடகம் எழுதினார். மறு வருடம் ஓவியம். பிறகு மெட்டுப் போட்டு ஒலிநாடாவில் பாடினார். ஒன்றில் நிலைத்திருந்தாலாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். ஏதாவது ஒன்று எடுபட்டால் போதும், வேலையை உதறிவிட்டுப் போய்விடுவேன் என்பார், சாப்பாட்டு நேரத்தில். அதே நாற்காலியில் சாகப்போகிற நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும்.

வீட்டில் கேலி செய்வார்களாம். அதனால் அலுவலக முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய பதில் உறையையும் உள்ளே வைத்து, என்னிடம் அனுப்பத் தருவார். பதினொரு முறை தந்தார். பதினொன்றையும் நான் அனுப்பவில்லை.

அவசரப்படவில்லை. பத்திரிகைக்கு ஐந்து மாதம் விடுவேன், நாடகக் குழுவுக்கு மூன்று. பிறகு மறுப்பை நானே எழுதி, படைப்போடு அவருடைய உறையிலேயே இட்டு, ஊரின் மறுகோடித் தபால்பெட்டியில் போடுவேன். என் கடிதங்களில் ஓவியக்கூடத்து அம்மையார் ஒரே வரியில் முடித்துக்கொள்வார். நாடகக் குழுத் தலைவருக்கு இளகிய மனம்; இரண்டு பக்கம் புத்தி சொல்வார். அவர் கையெழுத்துக்காக இடது கையால் எழுதிப் பழகினேன். எந்தக் கடிதத்தையும் நாலைந்து முறை திருத்தாமல் விட்டதில்லை.

அவர் எழுதியவை மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாவது நாடகத்தை மூன்று தடவை படித்தேன். மிகக் கடுமையான கடிதம் அதற்குத்தான் போயிற்று.

பதினொன்றோடு அவர் நிறுத்திக்கொண்டார். நோட்டுகளையெல்லாம் எடைக்குப் போட்டார். போன மாதம் அவர் மகள் ஓவியக் கல்லூரி விண்ணப்பத்தைக் கையெழுத்துக்காக அலுவலகத்துக்கே எடுத்து வந்தாள். என் கண்ணெதிரே அதை நாலாகக் கிழித்தார்.

"அப்பா பட்டது போதும்மா. உனக்கும் அதே ரத்தம்தானே."

அந்தப் பெண் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போனாள். அவர் மறுபடி தட்டச்சுப் பொறிக்குத் திரும்பினார். இப்போதெல்லாம் அவர் வேலையில் ஒரு பிழை கிடையாது. மேலாளர் அதைக் குறிப்பிட்டுத்தான் பாராட்டினார். ஒரு நல்ல ஊழியரை இந்த அலுவலகத்துக்குக் காப்பாற்றிக் கொடுத்தவன் நான். அதை யாரும் குறிப்பிடவில்லை.

தங்கள் சிறுகதைப் போட்டியின் விதிப்படி தாளின் ஒரு பக்கம் மட்டுமே எழுதியிருக்கிறேன். இது என் சொந்தக் கற்பனை, தழுவல் அல்ல என்ற உறுதிமொழியும் இணைத்துள்ளேன். இது என் முதல் கதை. முடிவு எதுவானாலும் சீக்கிரம் ஒரு வரி எழுதிப் போடுங்கள், காத்திருப்பது கொடுமை.

உறையை ஒட்டியதும் பதிவுத் தபாலில் சேர்க்க நானே நேரில் போவேன். இதையெல்லாம் இன்னொருவர் கையில் நம்பிக் கொடுப்பதற்கில்லை.