முள் காட்டிய ஏழாயிரம்

என்னை அழைத்துவர நீங்கள் அனுப்பிய ஜீப்பில் மூன்றாவது கியர் விழும்போது ஒரு கரகரப்பு வருகிறது. கியர்பாக்ஸில் குறை இல்லை. ஓட்டுநர் கிளட்சை முழுக்க மிதிப்பதில்லை, அவ்வளவுதான். அவரிடம் சொல்லிப் பாருங்கள், ஆனால் கேட்க மாட்டார். ஓட்டுகிறவர்கள் யாரும் கேட்பதில்லை.

என் தொழில் கியர்பாக்ஸ். பட்டறை என்னுடையது. வண்டி ஓட்டுவது என் தங்கையின் கணவன், மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில், விமானமே வராத அந்தப் பழைய ஓடுபாதையில் இரண்டிரண்டு கார்களாக விரட்டுவார்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, நேராகக் கால் மைல். வளைவு கிடையாது. கியரை எந்த நேரத்தில் மாற்றுகிறோம் என்பதுதான் மொத்த வித்தையும்.

நீயே ஓட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் இடது முழங்கால் மடங்காது. கிளட்ச் மிதிக்க முடியாது.

எங்களுடையது கடைகண்ணிக்குப் போய்வந்த பழைய கார். அதன் கியர்களும் கடைகண்ணிக்குப் போகத்தான் லாயக்கு. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி, மாடிப்படியில் ஒரு படியைக் காணோம் என்பதுபோல. நான் பல் கணக்கை மாற்றி, புதிதாகப் பல்சக்கரங்கள் வெட்டி, கியர்களை நெருக்கமாக்கினேன். எஞ்சின் நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றைத் தொடும்போது மாற்றினால் அடுத்த கியரில் ஐயாயிரத்தில் வந்து நிற்கும். அங்கேதான் அதற்கு முழு பலம். ஆறாயிரத்திலேயே மாற்றினால் நாலாயிரத்துச் சொச்சத்துக்கு விழுந்து, மூச்சு வாங்கும்.

மாப்பிள்ளை ஆறாயிரத்தில்தான் மாற்றினான். ஒவ்வொரு வாரமும் தோற்றான்.

"மச்சான், உங்க பாக்ஸ்ல ஏதோ கோளாறு. ரெண்டாவது போட்டா வண்டி படுத்துக்குது."

"நீ சீக்கிரம் மாத்துற மாப்ள. மீட்டர் முள்ளு ஏழாயிரம் தொடட்டும், அப்புறம் மாத்து."

"எஞ்சின் கத்துதே மச்சான். வெடிச்சுத் தொலைஞ்சா?"

"வெடிக்காது. நான் சொல்றேன்ல."

தலையை ஆட்டுவான். மறுபடி ஆறாயிரம். சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியது. அதைவிட எரிச்சல், தோற்றுவிட்டு வந்து எல்லோர் முன்னாலும் பாக்ஸ்மேல் பழி போடுவான். எதிர் அணி மெக்கானிக் ஒருவன், "உங்க பாக்ஸை ஒரு பல் டாக்டர்கிட்ட காட்டுங்க மாஸ்டர்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான். நான் கோபப்படவில்லை. எனக்குச் சட்டென்று கோபம் வராது, பட்டறையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எஞ்சின் வேகமாகச் சுற்றேற வேண்டும் என்று அதன் ஃப்ளைவீலை நான்தான் கடைந்து மெலிதாக்கியிருந்தேன். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் சுழலும் கனமான வட்டத் தட்டு அது. வார்ப்பிரும்பு. ஏழாயிரம் வரை தாங்கும், அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. உடைந்தால் சில்லுகள் ஓட்டுகிறவனின் கால் பக்கம்தான் வரும். அது பழைய வண்டி, அளவு மீறினால் தானே அடக்கிக்கொள்ளும் ஏற்பாடெல்லாம் அதில் கிடையாது. தங்கை ஒருநாள் பட்டறைக்கு வந்து, "அண்ணே, அவருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டாள். "நான் இருக்கேன்ல" என்றேன்.

பேச்சு பலிக்காதபோது வேலை செய்துவிடுவது என் வழக்கம். ஒரு சனிக்கிழமை, சுற்று காட்டும் மீட்டரைக் கழற்றி, முள் ஆயிரம் குறைத்துக் காட்டும்படி திருத்தினேன். மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. இனி அவன் ஆறாயிரம் என்று நினைத்து மாற்றினால் எஞ்சின் உண்மையில் ஏழாயிரத்தில் இருக்கும். யாருக்கும் ஆபத்தில்லாத, மிகவும் நியாயமான திருத்தம். இன்றைக்கும் அதில் நான் தப்பு காணவில்லை.

மறுநாள் அவன் ஜெயித்தான். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும். ஓடுபாதையே அவனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. பல் டாக்டர் ஜோக் சொன்னவன் அவன் கையைக் குலுக்கினான். பாக்ஸைப் பற்றி ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று வீட்டில் சாப்பிடும்போது மாப்பிள்ளை தங்கையிடம் சொன்னான். "உங்க அண்ணன் பாக்ஸ் மொதல்ல முரண்டு புடிச்சுது. இப்ப நான் அதை வழிக்குக் கொண்டுவந்துட்டேன்."

"இவரு கையில ஏதோ இருக்குண்ணே" என்று சொல்லி அவள் சிரித்தாள்.

"இருக்கும், இருக்கும்" என்றேன். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு முடித்தேன். வயிறு எரிந்தது என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

கடைசி ஞாயிறு எதிரில் நின்றது பெரிய எஞ்சின் வண்டி. மாப்பிள்ளைக்கு இப்போது தைரியம் வந்திருந்தது. கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டான்.

"மச்சான், நீங்க அப்பவே சொன்னீங்க, நான்தான் கேக்கல. இன்னிக்கி ஏழாயிரம் வரைக்கும் இழுக்கட்டுமா?"

அவன் வாழ்க்கையில் முதல்முறையாக என் பேச்சைக் கேட்டான். முள் ஏழாயிரம் காட்டினால் எஞ்சின் எட்டாயிரத்தில் இருக்கும். அது எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். மீட்டரைப் பற்றிச் சொல்லியிருந்தால், ஜெயித்த ஓட்டமெல்லாம் யாருடையது என்பதும் அப்போதே வெளியே வந்திருக்கும். சொல்ல நேரமும் இருந்தது.

"இழு மாப்ள. தாங்கும்" என்றேன்.

தங்கை என் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது. முதல் மாற்றத்தைத் தாங்கியது. இரண்டாவதையும் தாங்கியது. மூன்றாவது கியரில் எஞ்சின் ஏறிக்கொண்டே போனபோது நான் காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். பிறகு சத்தம் நின்றுவிட்டது.

தங்கை முன்னால் ஓட, நான் காலை இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தபோது அவனுக்கு நினைவு இருந்தது. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அவனுக்கு அது தெரியவில்லை.

"ஏழாயிரத்தைத் தாண்டல மச்சான்" என்றான். ஏதோ தப்பு செய்துவிட்டவன் மாதிரி. "சத்தியமா தாண்டல."

"தெரியும் மாப்ள" என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டான்.

இதை விபத்து என்று எழுதி நீங்கள் மூடியிருப்பீர்கள். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. தங்கை என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். பிறகு ஏன் நானே ஃபோன் செய்து கூப்பிட்டேன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சி என்று உங்கள் ஆள் ஏதோ சொன்னார். அப்படியெல்லாம் இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளாளுக்கு என் காதுபடவே பேசிக்கொண்டார்கள், கியர்பாக்ஸ் வெடித்து ஆள் செத்துவிட்டான் என்று. தங்கையும் அதையே சொல்லிச் சொல்லி அழுகிறாள். எத்தனை நாள்தான் கேட்டுக்கொண்டிருப்பது? வெடித்தது ஃப்ளைவீல். பாக்ஸைத் திறந்து பாருங்கள். ஒரு பல்கூட உடையவில்லை.