ஜெகனுக்கு நான் கொடுத்த வாய்ப்பு

டாக்டரம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் துண்டுகள் துவைத்தவைதான். சுத்தம் விஷயத்தில் நம் முதலமடை டென்னிஸ் கிளப்பை யாரும் குறை சொன்னதில்லை. கிளப் தலைவர் நீங்கள், உங்களுக்கே தெரியும். என் மாங்காய் மண்டியின் சிமெண்ட் தரையில்தான் சீசன் ஓயும்போது வலை கட்டி ஆடுகிறோம். செயலாளர் என்பதால் துண்டுகளை மடித்து வைப்பதும் நானே.

ஜெகன் மேல் எனக்குப் பொறாமை என்று நினைக்கிறீர்கள். துளியும் கிடையாது. பல வருஷமாக அவன்தான் சாம்பியன். அதற்கு முன்னால் நான். இறுதி ஆட்டத்தில் அவனிடம் தோற்ற அன்று என் மட்டை கையிலிருந்து வழுக்கியது. அது காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிப் போய் விழுந்ததால் யாரும் நம்பவில்லை. கூட்டம் 'கூ' என்று கத்தியது.

அதற்குப் பிறகுதான் ஆட்டப் பண்பைப் பற்றி ஆழமாக யோசிக்க ஆரம்பித்தேன். பண்புக்கென்றே என் அப்பா பெயரில் ஒரு கோப்பை வைத்தேன். கமிட்டி வருஷா வருஷம் அதையும் ஜெகனுக்கே கொடுத்தது. ஜெயிக்கிறவன் பணிவாக இருக்க என்ன கஷ்டம்? தோற்றால்தானே ஆளின் லட்சணம் தெரியும்? பாவம், அவனுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.

இந்த வருஷம் மூணாறு எஸ்டேட்டிலிருந்து அருண்பாண்டி இறுதி ஆட்டத்துக்கு வந்தான். தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிற பையன். தானாக ஜெகனை ஜெயிக்க மாட்டான். காலையில் ஒரு கூடை பச்சை மாங்காயின் காம்பை ஒடித்து, பீய்ச்சிய பாலை நீலத் துண்டில் வாங்கினேன். நீலம் ஜெகனுக்கு, வெள்ளை அருண்பாண்டிக்கு. மாங்காய்ப் பால் தோலைப் பொசுக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொண்டேன். எனக்குச் சீக்கிரம் கொப்பளித்துவிடும்.

முதல் செட் முடிந்ததும் ஜெகன் முகத்தை அழுத்தித் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். அடுத்த முறை துண்டை மூக்கருகே கொண்டுபோனவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அப்புறம் பனியனால் துடைத்துக்கொண்டான். இமை வீங்கி, எதிரே வரும் பந்து தெரியாமல் தடுமாறித் தோற்றான். நான் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மட்டை பறக்கும், 'கூ' சத்தம் எழும், நான் எழுந்து எல்லாரையும் அமைதிப்படுத்த வேண்டியிருக்கும். அதற்கு நாலு வார்த்தைகூடத் தயாராக வைத்திருந்தேன்.

அவனோ வலைப்பக்கம் போய் அருண்பாண்டியின் கையைப் பிடித்துத் தூக்கினான்.

"கண்ணுக்கு என்னாச்சுண்ணே?" என்று பையன் பதறினான்.

"வேர்வ உளுந்துருச்சுப்பா. நீ நல்லா ஆடுன," என்றான் ஜெகன்.

லாரி மேல் உட்கார்ந்திருந்தவர்கள் உட்பட மொத்தக் கூட்டமும் எழுந்து கைதட்டியது. ஜெயித்தவனுக்கு விழுந்ததைவிடத் தோற்றவனுக்கு அதிகம்.

என்னைக் கடக்கும்போது துண்டை நீட்டினான். "ஏனுங்ண்ணா, இதத் தனியாத் தொவைக்கச் சொல்லுங்க. தொவைக்கறவங்க கை பொத்துப் போயிரும்."

குரலில் கோபமே இல்லை. நாலு பேர் முன்னால் திட்டியிருக்கலாம், அதுதான் முறை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, ஒளிப்பானேன்.

அவன் இடது கண்ணில் தழும்பு நிற்கும், இனி பந்து சரியாகத் தெரியாது என்கிறீர்கள். வருத்தம்தான். ஆனால் பாருங்கள், தோற்றுப் பண்பைக் காட்டுவதற்கு இனி அவனுக்கு வாய்ப்பே குறையாது.

ஆமாம், செய்தது நான்தான். நீங்கள் ஒரே ஒரு தடவைதான் கேட்டீர்கள், உடனே ஒப்புக்கொண்டேன். இதுவும் பண்புதானே? இந்த வருஷக் கோப்பைக்குக் கமிட்டி என் பெயரையும் கவனிக்கட்டும். கொடுக்கிற அன்று ஜெகனை மட்டும் கூப்பிட வேண்டாம். அவன் வந்து எனக்கும் கைதட்டித் தொலைப்பான்.