அடிப்பக்கத்துக்குச் சிவப்பு

“இந்தத் தடவை அடிப்பக்கத்துக்குச் சிவப்பு அடிச்சிடு.”

“பதினோரு வருஷமா நீலந்தானேங்க? தண்ணிக்குள்ள கெடக்கறத எந்த மகராசன் பாக்கப் போறான்?”

“ஒரு மாறுதல் வேணாமாடி?” என்று சிரித்தார் என் கணவர்.

சாயம் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் சார். அதற்கு முந்தியதுதான் வேலை. ஃபைபர் படகைக் கரையேற்றி, ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டி, மெழுகுப் பிசுக்கைத் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு சுத்தியல் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே நீர் இறங்கிய இடம் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். அந்தக் காது எனக்கு உண்டு. “உன் காது போதும், மெஷினே வேணாம்” என்பார். ஆனால் ஒரு நாளும் என்னைத் தன் படகில் ஏற்றியதில்லை. நானும் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்காமலே தர வேண்டியது என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அன்று மதியம் எங்களோடு இருக்கும் என் தங்கை சோறு பரிமாறினாள். கட்டைவிரல் நகத்தோரம் சிவப்பு.

“நகப்பூச்சுக்கா” என்றாள்.

எனக்கு நகப்பூச்சு தெரியாது. படகுச் சாயம் தெரியும். சோப்புக்குப் போகாது. அவர் வாங்கி வந்த சிவப்பு டப்பாவை என் பட்டறையில் இன்னும் திறக்கவே இல்லை. கடையில் அவரோடு நின்று நிறம் பார்த்திருக்கிறாள். கடலென்றாலே குமட்டுகிறது என்பவள்.

“இந்த வருஷம் படகுக்குச் சிவப்பாம்டி.”

“ஒரு மாறுதல் வேணாமாக்கா?”

அதே வார்த்தை. அதே சிரிப்பு.

சாப்பிட்டுவிட்டுப் போய்த் தட்டினேன். என்ஜினுக்குக் கடல்நீர் போகும் குழாயைச் சுற்றி, உள்ளங்கை அகலத்துக்கு மந்தமாகக் கேட்டது. வெட்டியெடுத்து, வாரக்கணக்கில் காயவிட்டு, புது ஃபைபர் வைக்க வேண்டிய இடம். மேலாகப் பட்டி பூசி வழவழவென்று தேய்த்தேன். சிவப்பு இரண்டு கோட்.

“எல்லாம் சரியா இருக்கா?”

“கெட்டியா இருக்குங்க.”

தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லித் தங்கை கிளம்பிய காலை, நான்தான் தலை பின்னிவிட்டேன். எங்கே போகிறாள், யாரோடு போகிறாள், எதில் போகிறாள் என்று தெரிந்தேதான். இறுக்கிக்கூடப் பின்னவில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வலி தாங்காது.

நான் ஓட்டை போடவில்லை சார். இருந்ததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நாளைக்கு அவங்க ரெண்டு பேரையும் தேடப் போறீங்களாமே? உங்க படகுல எடம் இருக்கும்ல? என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க சார்.