முன்னால் நின்றவர்கள்

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் எனக்குத் தலை சுற்றாது, ஐயா. தெரணியகலையிலிருந்து இரத்தினபுரிக்கு வேலைக்கு வரும் பாதை அப்படி. பஸ் கிளம்பியதும் அப்பா போன் எடுப்பார். "ஷாமிளா, எடம் கெடச்சிச்சா? சோத்துப் பார்சலச் சரிச்சி வச்சிராத." சில நாட்களில் அடுத்த வளைவுக்குள் மறுபடி அழைப்பு வரும். அப்போது பேச்சு இருக்காது, மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்கும். நான் மணியடித்து இறங்கி, எதிர்ப் பஸ்ஸுக்காக நிற்பேன்.

நேற்று பொலிஸ் நிலையத்தில் நீங்கள் சிங்களத்தில் கேட்டதற்குச் சிங்களத்திலேயே பதில் சொன்னேன். ஒழுங்காக எழுத எனக்குத் தமிழ்தான் வரும். ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுநர் தினேஷ் வண்டியை எடுக்காததால் என் அப்பா ஏழுமலை இறந்தார் என்று அவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவருக்கு நேரத்துக்கு அழைப்பே போகவில்லை. அதைத் தெளிவுபடுத்தவே எழுதுகிறேன்.

தோட்டத்து மக்கள் போனிலேயே ஆஸ்பத்திரி வண்டியைக் கூப்பிடும் செயலியை எங்கள் அலுவலகம் செய்தது. கூட்டம் நெருக்கினால் அது தாங்குமா என்று பார்ப்பது என் வேலை. அதற்காக இல்லாத மனிதர்களைக் கணினியில் உண்டாக்கி, கூட்டம் கூட்டமாக அனுப்புவோம். த்ரெட் குரூப் என்பார்கள். அப்பா ரப்பர் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். சொன்னதும் புரிந்துகொண்டார்.

"அட, நம்ம காலப் பெரட்டுதான். எல்லாரையும் நிப்பாட்டி வச்சி, ஒரு கேங்க அந்த மலைக்கு, ஒரு கேங்க இந்த மலைக்கு வெரட்டுறது. ஒங்க ஆளுங்க அரை நாள் பேரு போட்டு அரைச் சம்பளம் குடுத்தாச் சண்ட புடிக்க மாட்டாங்க, அதான் வித்தியாசம்."

முதல் கூட்டம் உள்ளே நுழையும். இரண்டாவது வண்டி கேட்கும். மூன்றாவது, கேட்டதை ரத்துச் செய்யும். எது எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று நாம்தான் எழுதிவைக்க வேண்டும். மூன்றாவது கூட்டம் வராவிட்டால், விலாசமில்லாத அவர்களுக்கு வண்டியும் கிளம்பாது, இல்லாத நோயாளிகள் வரிசையில் நின்றுகொண்டே இருப்பார்கள். உண்மையான நோயாளி அவர்களுக்குப் பின்னால் நிற்பார். அதனால் மக்கள் பாவிக்கும் தளத்தில் இதைச் செய்வதில்லை, சோதனைக்கென்று தனிப் பிரதி உண்டு. எங்கள் மேலாளர் நிரூபன் யாழ்ப்பாணத்துக்காரர். ஒவ்வொரு தடவையும் சொல்வார்: "பிள்ளை, லைவிலை விட்டுப்போடாதையும். சனம் பாவம்."

கொழும்பில் எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. தள்ளித் தள்ளிப் போட்டேன். இனிக் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. அப்பா என்னைப் போகத்தான் சொன்னார். "நீ போம்மா. எனக்கென்ன, பட்டன அமுக்குனா வண்டி வருது." அவர் திட்டுகிறவராக இருந்திருந்தால் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். நல்லவரை விட்டுப் போக ஒரு வழியும் இல்லை, ஐயா.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் அலுவலகத்தில் இருந்தேன். அப்பா அழைத்தார்.

"முன்னால... நெறயப் பேரு நிக்கிறாங்கன்னு காட்டுதும்மா."

பின்னால் பக்கத்து வீட்டு அழகம்மாவின் குரல் கேட்டது. "அண்ணே, த்ரீவீல் வாசல்ல நிக்குது, ஏறுங்க. போனையே மொறச்சிப் பாத்துக்கிட்டு இருந்தா அது ஒங்களத் தூக்கிட்டுப் போகுமா?"

"இரு தங்கச்சி. எம்புட்டுச் சனத்துக்கு நோவு வருத்தமோ. மக செஞ்ச சாமான், வண்டி வரும்." பிறகு என்னிடம், "இருக்கவாம்மா?" என்றார்.

பெரட்டில் வரிசை தாண்டி வந்தவனை அப்பா ஒருநாளும் முன்னால் விட்டதில்லை. தானும் தாண்ட மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"இருங்கப்பா. வந்துரும்," என்றேன்.

என் திரையில், அந்த இல்லாத மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, வெறும் எண்கள்தான். அவற்றின் கடைசியில் ஏழுமலை என்று ஒரு பெயர் நின்றது. நிறுத்தும் பொத்தான் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. எடுத்துக் குடித்தேன்.

சோதனைப் பிரதியின் முகவரிக்குப் பதிலாக மக்கள் பாவிக்கும் தளத்தின் முகவரி கைதவறி விழுந்துவிட்டது என்று, நீங்கள் கேட்டால் நிரூபன் சொல்வார். அவர் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். கைதவறவில்லை. காலையிலேயே முகவரியை மாற்றி, முதல் கூட்டத்தை உள்ளே விட்டு நிறுத்திவைத்தேன். இரண்டாவது கூட்டம் எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்ற இடத்தில் அப்பாவின் போன் இலக்கத்தை எழுதினேன்; அந்தப் போனில் செயலி திறந்ததும் அவர்கள் வண்டி கேட்பார்கள். அவருக்கு இழுப்பு வராத நாளில் ஒன்றும் நடந்திருக்காது. வந்தது. அவர் செயலியைத் திறந்து பட்டனைத் தேடுவதற்குள், அத்தனை பேரும் அவருக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்கள். மூன்றாவது கூட்டத்தை மட்டும் என் கையில் வைத்துக்கொண்டேன். அழகம்மா அழுதுகொண்டே அழைத்த பிறகு அதை விட்டேன். வரிசை காலியானது. அந்த நேரத்தில் வேறு யாரும் வண்டி கேட்டிருக்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து கொழும்புக்குப் புறப்பட்டேன். ஜன்னலோரம்தான் இடம். போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அது அடிக்கவில்லை. அவிசாவளையில் மணியடித்து இறங்கி எதிர்ப் பஸ்ஸுக்கு நின்றேன். மறுநாளும் அப்படியே. அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை.

தினேஷை விட்டுவிடுங்கள். வரிசை காலியானதும் அழைப்பு கிடைத்து, அவர் உடனே புறப்பட்டு எங்கள் லயத்து வீட்டு வாசல்வரை வந்திருக்கிறார். இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் அப்பாவிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. வந்துரும் என்றேன். வண்டி வந்தது.