சிறுத்தைக்கு ஒரு ரேடியோ

பங்காருப்பேட்டையிலிருந்து தங்க வயலுக்குப் போகும் சாயங்கால ரயிலில் எனக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். முந்தின வாரம் தங்க வயலின் பாலகாட் பகுதியில் அவர்களுடைய ஆட்டைச் சிறுத்தை தூக்கிப் போயிருந்தது. அதைப் பற்றிய பேச்சுக்கு நடுவில் கணவர் சொன்னார்:

"சிறுத்தை கழுத்துல ரேடியோ கட்டி வுடணும், ரோசி."

"இன்னாத்துக்கு? பாட்டு கேக்கவா?"

"சிரிக்காதே. வெளிநாட்டுல அப்படித்தான் பண்றாங்களாம், பேப்பர்ல போட்டுகீது. அது எங்க திரியுதுன்னு சிக்னல் வந்துடும். கிட்ட வர்றதுக்குள்ள ஆட்டை உள்ள கட்டிடலாம். ஊர்ல சொல்ற மாதிரி விஷம் வைக்க வேணாம்."

"ரேடியோன்னா போஸ்டாபீஸ்ல லைசென்ஸு கட்டணுமே, அதை யாரு பேர்ல எடுப்பாங்க?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் விடவில்லை.

"சுரங்கத்துல ஆளுங்கள எறக்குற கேஜைக் கண்ணால பாக்காமலே, மணிச் சத்தத்த வச்சே நான் ஏத்தி எறக்கறேன் இல்ல? அந்த மாதிரிதான்."

"கேஜுல மணியடிக்க ஆள் கீறான். சிறுத்தை யாரைக் கூட்டினு வரும்?"

அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரி, சிக்னல் வந்தா யாரு எழுந்து போறது? உங்களுக்கு நைட் ஷிப்ட். அன்னிக்கு ஆடு கத்தறப்போ, கதவாண்ட தனியா நின்னு நடுங்கினேங்க."

அவர் வாயெடுப்பதற்குள் அந்த அம்மாவே முடிவும் சொல்லிவிட்டார்.

"ரேடியோ வர்ற வரைக்கும் மிச்சம் கீற ரெண்டு ஆடும் வீட்டுக்குள்ளதான் படுக்கும். நாத்தம்னு ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"அப்போ நான் எங்க படுக்கிறது?"

"பகல்ல அதுங்க மேயப் போயிடும். அந்த எடத்துல நீங்க படுங்க."