உயரத் தொட்டிக்கு ஏற்ற மீன்

உயரமான தொட்டி வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள், மேடம். உயரம் இருப்பதால் நிறைய இடம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மீன் கடையில் பதினோரு வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. சிக்லிட் வகை மீனுக்கு வேண்டியது உயரம் இல்லை, தரை. ஒரு கல்லையோ வேர்க்கட்டையையோ பிடித்துக்கொண்டு, இங்கிருந்து அதுவரை என்னுடையது என்று அது முடிவு செய்துவிடும். நீளமான தொட்டியாக இருந்தால் தோற்ற மீன் அந்தக் கோடிக்கு ஓடிப்போய்ப் பிழைத்துக்கொள்ளும். உயரத் தொட்டியில் மேலேதான் போக முடியும். மேலே போனால் கொஞ்ச தூரத்தில் தண்ணீர் முடிந்துவிடும்.

அண்ணியைப் பற்றிக் கேட்டால் மீனைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டைப் பார்த்தீர்களே, அதனால் சொல்கிறேன். மூன்று மாடி, மாடிக்கு ஒரே அறை. கீழே சமையலும் அம்மாவும், நடுவில் அண்ணன், மேலே நானும் என் தொட்டியும். உங்கள் ஆட்கள் படிக்கட்டின் அகலத்தை அளந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டே கால் அடி. எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்க வழியில்லாத படிக்கட்டு அது.

அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். பதினேழு பிள்ளைகள். அவர்களுக்கு அவன் 'சாக்லேட் மாமா'. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கைக்குட்டையை நனைத்து நெற்றியில் போட்டுக் கூட்டிவருவான். தெருவில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள், அது பொய்யும் இல்லை. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால்தான் வேறு ஆள். குழாய் சொட்டுகிறது, தட்டு ஈரமாக இருக்கிறது, யாரோ சிரித்தார்கள். காரணம் தேடி அவன் மெனக்கெட்டதே இல்லை.

முதலில் அடிவாங்கியது நான்தான். எனக்குப் பதினைந்து வயதில் என் தோள்பட்டை எலும்பை உடைத்தான். அன்றைக்கு அம்மா குறுக்கே வந்து விழுந்தாள். அதற்குப் பிறகு அவனுக்கு என்னைத் தேட வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. அவன் கை என்மேல் பட்டுப் பத்தொன்பது வருஷம் ஆகிறது.

நீ என்னதான் செய்தாய் என்று கேட்பீர்கள். இதே ஸ்டேஷனுக்கு ஒருமுறை வந்தேன். ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்தார். அவருடைய மகளும் அண்ணனின் வேனில் போகிறவள் என்று தெரிந்தது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். அவர் டீ குடித்துவிட்டுப் போனார். கதவைச் சாத்திவிட்டு அண்ணன் அம்மாவிடம்தான் போனான். நான் மாடியில் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் என் கால் எழுந்திருக்காது, மேடம். எவ்வளவோ தடவை எழ முயன்று பார்த்துவிட்டேன்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் உயரத் தொட்டி வைத்தேன். உயரத் தொட்டிக்கு சிக்லிட் வேண்டுமென்றால் ஏஞ்சல்தான் பொருத்தம். தட்டையான உடம்பு, நீளச் செட்டை, மேலும் கீழுமாக அழகாகப் போய்வரும். பார்க்கச் சாது, குணம் அப்படியில்லை. ஆறு ஏஞ்சல் விட்டேன். ஒன்று பெரியவனாகிவிட்டது. ஒன்றை மட்டும் விரட்டிக்கொண்டே இருந்தது. அந்த மீன் செட்டையைச் சுருக்கிக்கொண்டு மேல் மூலையில் ஹீட்டருக்குப் பின்னால் நின்றது. டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. "அதை எடுத்துடுங்கப்பா, பாவம், பாக்க முடியல" என்றார். எடுத்தேன். பத்து நாளில் இன்னொன்று அதே மூலையில் நின்றது. அதையும் எடுக்கச் சொன்னார். இப்படி எடுத்து எடுத்துக் கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒரு திங்கட்கிழமை கிளினிக்கைத் திறந்தபோது ஒன்றுதான் உயிரோடு இருந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அடிவாங்க ஒரு மீன் இருக்கிறவரைக்கும் மற்றவை நிம்மதியாகச் சாப்பிடும். அதை எடுத்துவிட்டால் அதன் இடம் அடுத்த மீனுக்குப் போகும். ஆகவே எடுக்கக் கூடாது. வேண்டுமானால் புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம்.

அண்ணனுக்குக் கல்யாணம் செய்துவைக்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். அம்மா பயந்தாள். "ஒரு பொண்ணோட பாவத்த நாம கொட்டிக்க வேணாம்டா" என்றாள். கல்யாணம் ஆனால் திருந்திவிடுவான் என்றேன். ஊரே சொல்கிற வார்த்தைதானே, யாரும் சந்தேகப்படுவதில்லை.

தரகர் மூன்று படங்கள் கொண்டுவந்தார். அண்ணனுக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை, எல்லாம் என் பொறுப்பு. முதல் பெண்ணுக்கு நான்கு அண்ணன்மார். வேண்டாம் என்றேன். இரண்டாவது பெண் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவள். படத்தில் நேராக நம்மைப் பார்த்தாள், ஒரு கேள்வி கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி. அதையும் வேண்டாம் என்றேன். மூன்றாவது பெண் சித்தி வீட்டில் வளர்ந்தவள், அப்பா அம்மா இல்லை. சித்தியும் மகனோடு வெளிநாடு போகப்போகிறாள், அதற்குள் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்று அவசரம். "பொண்ணு தங்கம் தம்பி. ஏன்னு கேக்க ஆள் இல்ல, அது ஒண்ணுதான் குறை" என்றார் தரகர். நான் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

புது மீன் விடும்போது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அதற்கு முன்னால் தொட்டிக்குள் இருக்கும் கல், கட்டை, செடி எல்லாவற்றையும் இடம் மாற்றிவிடுவோம். பழைய மீனுக்கு எது தன் இடம் என்று குழம்பிப்போகும், புதிய மீனுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். அண்ணி வருவதற்கு முந்தின வாரம் நான் வீட்டையே புரட்டிப்போட்டேன். அண்ணனின் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பினேன். டிவியைக் கீழே கொண்டுபோனேன். மூட்டுவலிக்குக் கீழ்த்தரையின் ஈரம் ஆகவில்லை என்று அம்மாவைச் சொல்லவைத்து, மேலே என் அறைக்குக் கொண்டுவந்தேன். இனி அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் அண்ணி. நாலு மாதம் ஒரு சத்தமும் இல்லை. நானே அசந்துபோனேன்.

ஐந்தாவது மாதம் ஆரம்பித்தது.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, மேடம். அண்ணியை எனக்குப் பிடிக்கும். மத்தியானத்தில் மேலே வந்து, தொட்டிக்கு முன்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவாள். அம்மாவும் அவளும் குசுகுசுவென்று பேசிச் சிரிப்பார்கள். "இது என்ன தம்பி, இவ்வளவு நேரம் அத்தனை பேரையும் விரட்டிட்டு இப்ப பச்சப்புள்ள மாதிரி மூஞ்சிய வெச்சுட்டு நிக்குது?" என்று என் தொட்டியில் இருந்த பெரிய ஏஞ்சலைக் காட்டிக் கேட்பாள். எந்த மீன் எதோடு சேரும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஏஞ்சலோடு சின்ன நியான் மீனை விட்டால் விழுங்கிவிடும், டைகர் பார்ப் விட்டால் அது ஏஞ்சலின் செட்டையைக் கடிக்கும், அடியில் மேயும் கோரி மீன் யார் வம்புக்கும் போகாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ இதெல்லாம் வாங்கறவரு பாத்து விடணும். அதுங்களுக்கு என்ன தெரியும், பாவம்" என்றாள். அவள் உதடு அன்றைக்கு வீங்கியிருந்தது.

ஒருநாள் நேராகவே கேட்டாள். "நீங்க ஒரு வார்த்தை கேட்டா என்ன தம்பி? கூடப்பிறந்தவர்தானே?"

"நான் கேட்டா இன்னும் ஜாஸ்தியாகும் அண்ணி."

அது பொய் இல்லை. அதற்குப் பிறகு அவள் என்னிடம் கேட்டதே இல்லை. அந்த வருஷத்தில் அம்மா நாலு கிலோ எடை கூடினாள். கையில் கன்னிப்போன தடம் எல்லாம் மறைந்து, அரைக்கை ரவிக்கை போட ஆரம்பித்தாள். காலையில் அம்மா நிம்மதியாகச் சாப்பிடுவதைப் பார்க்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அதைப் பார்த்துக்கொண்டே கீழே கேட்பதைக் கேட்காமல் இருக்கப் பழகிவிட்டேன். அம்மாதான் பழகவில்லை. சத்தம் கேட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள், நான் கையைப் பிடித்து உட்கார வைப்பேன்.

புதன்கிழமை காலை அண்ணன் வேனை எடுத்துக்கொண்டு போனதும் அண்ணி ஒரு பையோடு மேலே வந்தாள். தொட்டிக்குக் கீழே இருக்கிற அலமாரியில், வலையும் தீனி டப்பாவும் வைக்கிற இடத்தில், அதை வைத்துக்கொள்ளச் சொன்னாள். அண்ணனுக்கு அந்த வாடை ஆகாது, திறக்கமாட்டான்.

"தையல் யூனிட்ல வேலை சொல்லியிருக்காங்க. தங்கறதுக்கும் ரூம் தராங்க. நாளைக்கு அவர் வேன் எடுத்ததும் கிளம்பிடுவேன். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வாய் திறந்துடாதீங்க தம்பி. உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன்."

சரி என்றேன். அண்ணி கும்பிட்ட கையைக் கீழே இறக்கிவிட்டேன்.

சாயங்காலம் நாலரை மணிக்கு அண்ணன் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். மூட்டுவலிக்கு டாக்டரைப் பார்க்கலாம் என்று அம்மாவைக் கிளப்பினேன். "இப்ப என்னடா திடீர்னு? சரி, அவளும் வரட்டும்" என்றாள் அம்மா. "அண்ணனுக்கு யார் காபி போட்டுத் தர்றது?" என்றேன். அம்மாவை ஆட்டோவில் ஏற்றி உட்காரவைத்துவிட்டு, குடையை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தேன். அண்ணனிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னேன். "அண்ணா, அண்ணி நாளைக்கு வீட்டை விட்டுப் போறாங்க, பை என் ரூம்ல இருக்கு." அவன் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர்க் குழாயை மூடினான். ஓஸ் பைப்பைச் சுருட்டி ஆணியில் மாட்டினான். நான் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

நாங்கள் திரும்பியபோது வாசலில் கூட்டம். படிக்கட்டின் அடியில் அண்ணி கிடந்தாள். மேல்மாடி வரைக்கும் ஓடியிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். கொல்லுவான் என்று நான் நினைக்கவில்லை, மேடம். இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடப்பாள், போகிற எண்ணத்தை விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

முதல் வாக்குமூலத்தில், அண்ணி போய்விட்டால் அடுத்து அம்மாதான் என்று பயந்து சொன்னதாக எழுதிக்கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்ட அதிகாரி என் தோளைத் தட்டினார். இன்றைக்கு நீங்கள் அந்தப் பையை மேஜைமேல் வைத்து, ஒவ்வொரு சாமானாக வெளியே எடுத்துவைத்தீர்கள். அண்ணியின் புடவை மூன்று, சான்றிதழ்கள். அதற்கடியில் அம்மாவின் புடவை இரண்டு, அம்மாவின் பிரஷர் மாத்திரை, அம்மாவின் மூக்குக்கண்ணாடி. இரண்டு பேருமாகக் கிளம்ப இருந்தார்கள். இது உனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள்.

தெரியும். மத்தியானம் அம்மா கீழே இருந்தபோது, தீனி டப்பா எடுக்கப் போய்ப் பையைத் திறந்து பார்த்தேன். மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாளியின் மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அழுதேன். அவர்கள் இரண்டு பேரும் போய்விட்டால் அந்த வீட்டில் அண்ணனோடு நான் மட்டும்தான். நானும் கூடவே போயிருக்கலாமே என்பீர்கள். அது அப்போது தோன்றவே இல்லை. என் பழைய தோள்பட்டை வலிதான் தோன்றியது. எல்லாவற்றையும் இருந்தபடியே அடுக்கி, ஜிப்பை மூடி வைத்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

அம்மா இப்போது என் முகத்தைப் பார்க்க மறுக்கிறாள் என்று சொன்னீர்கள். நாளானால் புரிந்துகொள்வாள். அன்றைக்குச் சாயங்காலம் மூட்டுவலி டாக்டரின் கிளினிக்கில் சுவரில் ஓடிய டோக்கன் எண் அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடியை எங்கேயோ மறந்து வைத்துவிட்டேன் என்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பரவாயில்லை அம்மா என்று ஒவ்வொரு எண்ணாக நான்தான் படித்துச் சொன்னேன், எங்கள் முறை வந்ததும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். அந்த டாக்டரை வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள், இந்தக் காலத்தில் அம்மாவை இப்படித் தாங்குகிற பிள்ளையைப் பார்த்ததே இல்லை என்று அவரே சொன்னார்.